கேட்டால்தான் தீட்டு

தாண்டவராயன் கோழி கூவுவதற்கு முன்பே எழுந்தான். பாயைச் சுருட்டிக் கொட்டகை மூலையில் வைத்தான். ஏரி மதகுப் பக்கம் போய்விட்டு வந்து வேப்பங்குச்சியால் பல் துலக்கினான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு மண்குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கால், வயிறு, மார், கழுத்து என்று ஒவ்வோர் இடமாகப் புறங்கையை வைத்துப் பார்த்தான். மண்ணுக்குள் ஈரம் இருந்தால் புறங்கைக்குச் சில்லென்று தெரியும். தெரியவில்லை. மூன்று கல் கூட்டிக் கேப்பைக் கூழைச் சூடு பண்ணி, உப்புப் போட்டு, நின்றபடியே குடித்தான். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தான். வலது மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் துணிக் காப்பு நனைந்து கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிழிந்து விட்டான்.

காப்புக் கட்டிய நாளிலிருந்து இப்படித்தான் விடிந்துகொண்டிருந்தது.

முண்டியம்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து மேற்கே ஒரு நடை தூரத்தில் பனஞ்சேரி. அந்த வருஷம் யுத்தத்தால் மண்ணெண்ணெய் இல்லை, அரிசி இல்லை. போதாததற்குத் தை மாதம் வாந்திபேதி வந்தது. தெருவுக்கு நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர் கூடி, நோய் நின்றால் ஐயனாரப்பனுக்கு ஆளுயரக் குதிரை செய்து விடுவதாக வேண்டிக்கொண்டது. நோய் நின்றது. நிற்பதற்கு முன்பு தாண்டவராயனின் தம்பியையும் கொண்டுபோயிற்று. குயவர்களான மண்ணுடையார் வீட்டில் குதிரை செய்யத் தெரிந்த கைகள் அந்த இரண்டு பேருடையவைதான். ஐயனாரப்பனுக்குப் பூசை செய்கிறவர்களும் அவர்கள்தான். எனவே காப்பு இவன் கைக்கே வந்தது.

காப்புக் கட்டியவன் குதிரைக்குக் கண் திறக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கோயிலடிக் கொட்டகையில்தான் படுக்க வேண்டும். பிறப்புத் தீட்டும் சாவுத் தீட்டும் அவனுக்கு ஆகாது. எங்கோ தூரத்தில் நடந்தது என்றால், அது காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாதவரைக்கும் அவன் சுத்தமானவன். விழுந்துவிட்டால் குதிரையை உடைத்து ஏரியில் கரைத்துவிட்டு, அடுத்த வருஷம் புதிதாகப் பிடிமண் எடுக்க வேண்டும்.

அவன் அப்பன் குதிரை செய்த காலத்தில் இப்படி ஒன்று நடந்தது. அப்பனுடைய அக்கா வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்தான். கோயில் எல்லைப் புளியமரத்தடியிலேயே நின்றான். கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டான். அப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவரும் கேட்கவில்லை. கண் திறந்து காப்பை அவிழ்த்ததும் அப்போதிருந்த நாட்டாண்மைக்காரர் காதோடு சொன்னார். அக்கா செத்து ஐந்து நாளாகியிருந்தது. அப்பன் அதே இடத்தில் உட்கார்ந்து அழுதார். தாண்டவராயன் அப்போது பக்கத்தில் நின்றிருந்தான்.

பொழுது ஏறும் நேரத்தில் கோவிந்தம்மாள் வறட்டிக் கூடையோடு வந்தாள். அவனுக்கு அக்கா, புருஷன் போன பிறகு இவன் வீட்டோடு இருப்பவள்.

"இன்னாடா, குருதையத் தடவிக்கினே நிக்கிற? பொண்டாட்டியக்கூட நீ இப்பிடிச் சுத்திச் சுத்திப் பாத்திருக்க மாட்ட."

"காலையிலயே ஆரம்பிச்சிட்டியாக்கா?"

"பின்ன யாருகிட்ட பேசறது? வூட்டுல நானும் பூனையும்தான். அது உன்னமாரியே வாயத் தொறக்காது." கூடையை இறக்கி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மேக்கால பாத்தியா? கருக்கினு வருது."

"பாத்தேன். இன்னிக்கே நெருப்பு வெச்சிரணும்."

"காஞ்சிடிச்சா?"

"காஞ்சிடிச்சி."

"வயித்துக்குள்ளார?"

"உள்ளாரயும் கை உட்டுப் பாத்துட்டேன்."

சுடாத மண்குதிரை ஒரு மழைக்குத் தாங்காது. கால்களுக்குள் சுற்றிய வைக்கோல் புரி ஒன்றுதான் மிஞ்சும். கோவிந்தம்மாள் வறட்டிகளைப் பிரித்துப் பெரிது சிறிதாக அடுக்கினாள். தாண்டவராயன் குதிரையின் நாலு கால்களுக்கும் நடுவே விறகை அடுக்கத் தொடங்கினான். முதலில் வேலிக்காத்தான் கட்டை, மேலே பனைமட்டை, அதற்கு மேல் வறட்டி. வயிற்றில் விட்டிருந்த ஓட்டை வழியாக உள்ளேயும் சுள்ளியைச் செருகினான். உள்ளும் வெளியும் ஒரே சமயத்தில் சூடேறினால்தான் வெடிக்காது.

"அஞ்சம்மாகிட்டேர்ந்து ஒரு சேதியும் காணோம்" என்றாள் கோவிந்தம்மாள். "மாசம் ஆயிடிச்சில்ல?"

"வந்தா மட்டும் நீ எங்கிட்ட சொல்லிடுவியா?"

"சொல்ல மாட்டேன். பொறந்தாலும் தீட்டு, போனாலும் தீட்டு. ஆனா ஒண்ணுடா தம்பி, சாவுன்னா மூஞ்சத் திருப்பிக்கினு மறச்சிடலாம். வூட்டுல புள்ள பொறந்தத எப்பிடி மறைக்கறது? என் மூஞ்சியே சொல்லிப்புடும்."

"அப்ப இந்தப் பக்கமே வராத."

"வராத இருந்தா வறட்டி யாரு தட்டறது, உன் மாமியாளா?"

அவன் லேசாகச் சிரித்தான். அவன் பெண்டாட்டி அஞ்சம்மாளுக்கு இதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போயிற்று. இன்னொன்று தவழ்ந்து, வாசற்படி ஏறக் கற்றுக்கொண்ட பிறகு போயிற்று. இந்த முறை ஏழாம் மாதமே அவள் தம்பி விருத்தாசலம் வந்து கூட்டேரிப்பட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். போகிற அன்று அவள் கேட்டாள்.

"இந்தத் தடவ காப்ப நீ கட்டிக்காத. அடுத்த வருசம் செஞ்சித் தர்றேன்னு சொல்லு."

"ஊருல ஒத்துக்குவாங்களா?"

"கேட்டுப் பாத்தியா?"

அவன் கேட்டுப் பார்க்கவில்லை. அவள் மூட்டையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, மல்லாட்டை வறுத்து வைத்திருப்பதாகவும், எறும்பு வராமல் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டுப் போனாள்.

உச்சிப்பொழுதுக்குள் விறகு அடுக்கு குதிரையின் மார்வரை வந்துவிட்டது. காற்று நின்றுபோய்ப் புழுக்கமாக இருந்தது. தாண்டவராயன் ஏணியில் நின்று முதுகின்மேல் வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தான். கோவிந்தம்மாள் கீழிருந்து கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"யாரு அது? விருத்தாசலமா?"

கோயில் எல்லையில் இருந்த புளியமரத்தடியில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தலையில் துண்டைப் போட்டு முகத்தின் பாதியை மூடியிருந்தான். முழங்கால்வரை புழுதி. விருத்தாசலம்தான். வழக்கமாக வந்தால் "மாமா" என்று தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருகிறவன். இப்போது மரத்தை விட்டு ஓரடி முன்னால் வரவில்லை.

"இன்னா விருத்தாசலம், அங்கயே நின்னுட்ட? வாயேன்" என்றாள் கோவிந்தம்மாள்.

"இருக்கட்டும்க்கா. நா அங்க வரக்கூடாது."

அவள் செம்பில் தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனாள்.

"வாணாம்க்கா. தொடாத. அங்கயே இரு."

கோவிந்தம்மாள் செம்போடு நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். ஏணியில் இருந்த தாண்டவராயன் அக்காளின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்ததைக் கண்டதும் அவன் கையிலிருந்த வைக்கோல் நழுவிக் கீழே விழுந்தது.

"மாமா" என்றான் விருத்தாசலம். குரல் கம்மியிருந்தது. அழுதிருக்கிறான் என்று தெரிந்தது. "மாமா, அக்காவுக்கு..."

"சொல்லாத!"

தாண்டவராயன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். ஏணியில் பிடிமானம் இல்லாமல் ஒரு கணம் ஆடினான்.

"மாமா, அதில்ல மாமா, நா சொல்றது..."

"சொல்லாதன்னு சொல்றேன்ல? காப்பு இருக்குது கையில. நெருப்பு வெக்கப் போறேன். ஒண்ணும் சொல்லாத, போயிடு."

சத்தம் கேட்டு நாட்டாண்மைக்காரர் அரங்கநாதன் கோயில் பக்கத்திலிருந்து வேகமாக வந்தார். தை மாதத்து வாந்திபேதியில் அவருடைய பெரிய மகன் போனான். குதிரை வேண்டுதலை முதலில் சொன்னவரும் அவர்தான். வந்தவர் விருத்தாசலத்தின் தோளைத் தொடாமல், கையில் இருந்த கம்பால் வழி காட்டுவதுபோல நீட்டி அவனை மரத்துக்கு அப்பால் அழைத்துப் போனார். இருவரும் ஏரிக்கரை மேல் நின்று பேசினார்கள். விருத்தாசலம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். அரங்கநாதன் தலையைக் குனிந்து கேட்டார்.  பிறகு ஏதோ சொன்னார். விருத்தாசலம் கரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எழுந்தான். கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிழக்கே நடந்தான்.

அரங்கநாதன் திரும்பி வந்தார். அவரும் தூரத்திலேயே நின்றார்.

"ஒடையாரே, வேலையப் பாருங்க."

"பாக்கறேங்க."

"வெள்ளிக்கெழம கண்ணத் தொறந்துடலாம். அப்பால நானே வண்டி கட்டி அனுப்பறேன்."

"சரிங்க."

"மனச உட்டுடாதீங்க."

அந்தக் கடைசிச் சொல்லும் வந்த பிறகு தாண்டவராயனுக்குச் சந்தேகம் இல்லை. கீழே இறங்கி வைக்கோலைப் பொறுக்கினான். மறுபடியும் ஏறினான்.

கோவிந்தம்மாள் அதற்குப் பிறகு பேசவில்லை. இவன் ஏதாவது கேட்டுவிடுவானோ என்று அவள் பயந்தாள். அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று இவன் பயந்தான். அவளுக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது இவனுக்குத் தெரியாது. விருத்தாசலத்தின் முகத்தை வைத்து அவள் ஒன்றை நினைத்துக்கொண்டாள். அவள் முகத்தை வைத்து இவன் அதையே உறுதி செய்துகொண்டான்.

பொழுது சாய்வதற்குள் அடுக்கின்மேல் ஈர மண் பூசி, புகை போக மேலே துளைகள் விட்டு, காற்று வரும் திசையில் நெருப்பு வைத்தார்கள். முதலில் வெள்ளைப் புகை கனமாக வந்தது. அது மண்ணிலும் வைக்கோலிலும் உள்ள ஈரம். அது போய்ப் புகை நீலமாக மெலிய வேண்டும். தாண்டவராயன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தான். மழை நாலு துளி போட்டுவிட்டு வடக்கே போய்விட்டது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். பெண்கள் தூர நின்று அவனைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். சாணமும் விறகும் எரிகிற நெடியில் எல்லாருக்கும் கண் கலங்கியிருந்தது. அவனுக்கும்.

அழக் கூடாது என்று நினைத்தான். அழுதால் கேட்டதாக ஆகிவிடும்.

இரண்டாம் நாள் சூளை ஆறியது. மேல்பூச்சை உடைத்துச் சாம்பலை இழுத்துத் தள்ளினார்கள். குதிரை செங்கல் நிறத்தில் நின்றது. வெடிப்பில்லை. முட்டியில் விரலை மடக்கித் தட்டினான். நல்ல பானையைத் தட்டியதுபோல ஓசை வந்தது. பார்க்க வந்திருந்த அரங்கநாதன் கைகூப்பினார்.

"உங்கப்பா கையி, ஒடையாரே."

"ஆமாங்க."

"ஒரு கீறல் இல்ல."

"இல்லீங்க."

அரங்கநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றைக்கே சுண்ணாம்பு அடித்தான். மறுநாள் காவியும் மஞ்சளும் நீலமும் தீட்டினான். சேணம், கழுத்து மணி, கடிவாளம். கை தானாக வேலை செய்தது. இடையில் எழுந்து ஏரிக்குப் போனான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தெற்குப் பார்த்து மூன்று முறை முழுகினான். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி விட்டான். எள் இல்லை. எதற்கு முழுகுகிறோம் என்று மனசுக்குள்கூட அவன் சொல்லிக்கொள்ளவில்லை. பெயரையும் சொல்லவில்லை. முழுகிவிட்டு வந்து பாதியில் விட்ட கடிவாளத்தைத் தீட்டி முடித்தான்.

வெள்ளிக்கிழமை வெளுக்கும் நேரத்தில் பம்பை அடித்தார்கள். குதிரையின் முகத்துக்கு முன்னால் வேட்டியைத் திரையாகப் பிடித்தார்கள். தாண்டவராயன் ஆமணக்கெண்ணெய் விளக்கின் கரியைக் குழைத்து, வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்கும் கருவிழி வைத்தான். அந்த வேலையை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வீச்சில் செய்ய வேண்டும். செய்தான். திரையை விலக்கிக் கண்ணாடி காட்டினார்கள். ஆட்டை வெட்டினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். ஊர் முழுவதும் தரையில் விழுந்து கும்பிட்டது.

அரங்கநாதன் காப்பை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. தாண்டவராயன் அங்கேயே தரையில் உட்கார்ந்தான். அப்பன் உட்கார்ந்ததுபோலவே.

"சொல்லுங்க" என்றான். "எப்ப எடுத்தாங்க?"

"எத எடுத்தாங்க?"

"அஞ்சம்மாள."

அரங்கநாதன் அவனைப் பார்த்தார்.

"இன்னா பேச்சு பேசறீங்க ஒடையாரே? உங்களுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்குது. அஞ்சம்மாவுக்குத்தான் ஜொரம் உடல. அன்னிக்கி அந்தப் பையன் அதச் சொல்லத்தான் வந்தான்."



"உசுரோடவா இருக்குறா?"

"உசுரோடதான் இருந்திச்சி. புள்ள பொறந்த வூடு, தீட்டோட சாமி எடத்துக்கு வரக்கூடாதுன்னு மரத்தாண்ட நின்னான். பொறந்த சேதிய சொன்னாலும் குருதைய ஒடைக்கணும். நெருப்பு வெக்கற நேரம். மூணு நாளுல இன்னா ஆயிடப் போவுது, முடிச்சதும் நானே அனுப்பறேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "மறுபடியும் அந்த நோவு ஊருக்குள்ள வந்தா யாரால தாங்க முடியும்? வண்டி நிக்கிது. ஜல்தியா கெளம்புங்க."

வண்டி முண்டியம்பாக்கம் தாண்டி விக்கிரவாண்டி ரோட்டில் ஏறியது. கோவிந்தம்மாளும் கூட வந்தாள். மடியில் மஞ்சளும் பூண்டும் பனைவெல்லமும் கட்டி வைத்திருந்தாள்.  கொஞ்ச தூரம் போன பிறகு அவன் சொன்னான்.

"நா தல முழுவிட்டேன்க்கா."

"எதுக்கு?"

"அவளுக்கு. ஏரியில."

கோவிந்தம்மாள் திகைத்துப் பார்த்தாள். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

"நானும்தாண்டா. வூட்டுக் கெணத்தாண்ட ரெண்டு கொடம் ஊத்திக்கினேன். ராத்திரியெல்லாம் ஒரே அழுவ. கேட்டவளுக்கெல்லாம் அடுப்புப் பொகன்னு சொன்னேன். அய்ய, பைத்தியம் புடிச்ச குடும்பம்டா நம்ம குடும்பம்."

"அவகிட்ட சொல்லாத."

"சொல்லுவேன். குந்த வெச்சி சொல்லுவேன். உன் புருசன் உனக்குத் தல முழுவினாண்டி, நீ நூறு வருசம் இருப்பேன்னு. உசுரோட இருக்கறவங்கள செத்துட்டாங்கன்னு நெனச்சா ஆயுசு கெட்டி."

"பேஜாரு பண்ணாதக்கா."

"புள்ளைக்கு மண்ணாங்கட்டின்னு பேரு வெச்சிடு. ரெண்டு போனப்பறம் பொறந்தது. அப்பத்தான் தங்கும்."

"கொசவன் வூட்டுல மண்ணாங்கட்டியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். புள்ள இருக்குதில்ல?"

அவன் சிரித்தான். வண்டிமாட்டின் வாலை முறுக்கும்படி வண்டிக்காரனிடம் சொன்னான்.

விக்கிரவாண்டியில் கரியில் ஓடுகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. நாளுக்கு ஒரு தடவைதான் அந்தப் பக்கம் போகும். பின்னால் இருந்த அடுப்பில் கரியைக் கொட்டிக் கிளீனர் துருத்திச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். பஸ் கிளம்பும்வரை தாண்டவராயன் உட்காராமல் நின்றான். ஓடும்போதும் நின்றான். மேடு வந்தபோது ஆட்களை இறக்கித் தள்ளச் சொன்னார்கள். அவன்தான் முதலில் இறங்கித் தள்ளினான். கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்பதற்கு முன்பே குதித்தான்.

அஞ்சம்மாளின் அம்மா வீடு ரோட்டை ஒட்டியே இருந்தது. வாசலில் ஆண்கள் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக ஒரு சட்டியில் நெருப்பு புகைந்துகொண்டிருந்தது. விருத்தாசலம் வேப்பமரத்தடியில் குந்தி மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தான். மாமனைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. கத்தியை மறுபடியும் மூங்கிலில் வைத்து அழுத்தினான்.

கோவிந்தம்மாள் மடியில் இருந்ததெல்லாம் ரோட்டில் சிந்த, ஓலமிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தாண்டவராயன் விருத்தாசலத்தின் பக்கத்தில் போய் நின்றான்.

"எப்ப?"

"காலையில. வெளுக்கற நேரத்துல."

"ஜொரம்னாங்க."

"ஜொரம்தான். புள்ள பொறந்த மறுநாளே நடுக்கிக்கினு வந்திடிச்சி. மருத்துவச்சி பாத்துட்டு ஜன்னிம்மா, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போயிடுங்கன்னு சொல்லிட்டா. அம்மா உடல. புருசன் வாயால சொல்லாத நா அனுப்ப மாட்டேன்னு குந்திக்கிச்சி. அதக் கேக்கத்தான் வந்தேன். போவட்டுமா வாணாமான்னு, ஒரு வார்த்த." மூங்கில் சடசடவென்று பிளந்தது. "நீதான் காதப் பொத்திக்கினியே மாமா."

"நீ அழுதுக்கினு வந்த."

"அழுவாம? அக்கா கெடக்கற கெடையப் பாத்துட்டு நடந்து வர்றேன், சிரிச்சிக்கினா வருவாங்க?"

"தண்ணி வாங்கல."

"புள்ள பொறந்த தீட்டு மாமா. உனக்குத் தெரியாததா?"

தாண்டவராயன் நின்றான். அவனுக்குத் தெரியாதது இல்லை. ஒரு தீட்டுக்கும் இன்னொரு தீட்டுக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் இருக்காது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டிருந்தால் குதிரை போயிருக்கும். அவ்வளவுதான்.

"வந்து இன்னா சொன்ன அவகிட்ட?" என்றான்.

"வேற இன்னா சொல்றது? மாமா பின்னாடியே பஸ்ஸுல வர்றாருன்னு சொன்னேன்."

உள்ளே அவளைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். வயிறு இல்லாமல் அவள் சின்னவளாகத் தெரிந்தாள். அவன் கால்மாட்டில் உட்கார்ந்தான். விரலிடுக்குகளில் நீலமும் காவியும் ஒட்டியிருந்தன. யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்துக் கையைக் கழுவச் சொன்னார்கள். கழுவினான். முழுவதும் போகவில்லை. அழுகை வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவனும் காத்திருந்தான். ஏரியில் முழுகிய அன்றே அது எங்கோ செலவாகிவிட்டது போலிருந்தது. இப்போது எடுக்க ஒன்றும் இல்லை.

வந்தவர்களிடமெல்லாம் மாமியார் வெள்ளையம்மாள் ஒரே விஷயத்தைச் சொல்லி அழுதாள்.

"எம் பொண்ணு இன்னா சொன்னா தெரியுமாம்மா? அவரு சாமி காரியத்துல இருக்குறாரு, முடிச்சிட்டே வரட்டும், நா காத்துக்கினு இருக்கேன்னு சொன்னாளே! ஐயனாரப்பன் காரியம் கெடக்கூடாதுன்னு உசுர உட்டாளே!"

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். புண்ணியவதி என்றார்கள். தாண்டவராயனைப் பார்த்து, கொடுத்து வைத்தவன் என்று ஒரு கிழவர் சொன்னார்.

எரித்துவிட்டுக் குளித்து வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்து விளக்கு வைத்திருந்தார்கள். கூடத்தில் விருத்தாசலத்தின் பெண்டாட்டி பொன்னி உட்கார்ந்து பிள்ளைக்குப் பஞ்சால் பசும்பால் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உதட்டைச் சப்பிவிட்டு அழுதது. கோவிந்தம்மாள் கைநீட்டி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். தாண்டவராயனை அழைத்துக் காட்டினாள். அவன் பார்த்தான். முகம் சிவந்து, கண்ணை இறுக்கி மூடியிருந்தது. தொடவில்லை.

வெள்ளையம்மாள் உள்ளே யாரிடமோ மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமி காரியம் முடிச்சிட்டே வரட்டும்னு சொன்னாளே.

"பொன்னி" என்றான் தாண்டவராயன்.

"இன்னாங்கண்ணா?"

"அத்த சொல்றமாரி அவ சொன்னாளா?"

பொன்னி வெள்ளையம்மாள் இருந்த பக்கம் பார்த்தாள். பஞ்சைப் பாலில் நனைத்தாள். பிழிந்தாள்.

"பெரியவங்க சொல்றாங்க."

"நீதான கூட இருந்த?"

"நாந்தான் இருந்தேன். ராவும் பகலும்."

"அப்ப சொல்லு. கடைசியா இன்னா சொன்னா?"

"வாணாம்ணா. இப்ப எதுக்கு?"

"நா கேக்கறேன். இப்பக் கேக்கறேன், சொல்லு."

 ரோட்டில் ஒரு மாட்டுவண்டி போகிற சத்தம் வீட்டுக்குள் நன்றாகக் கேட்டது. அது தேய்ந்து மறைந்த பிறகுதான் பொன்னி பேசினாள்.

"அவரு வந்து நீங்க பஸ்ஸுல வர்றீங்கன்னு சொன்னாருல்ல, அதுலேர்ந்து கதவச் சாத்தவே உடல. ரோட்டப் பாத்தே படுத்திருந்தாங்க. நேத்து பஸ்ஸு ரொம்ப லேட்டு. இருட்டிப் போயிதான் வந்திச்சி. நின்னுது. ரெண்டு பேரு எறங்கி அந்தாண்ட போனாங்க. அப்பால கெளம்பிப் போயிடிச்சி. அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் பேசாத இருந்தாங்க. அதுக்கப்பறம் ஒண்ணு சொன்னாங்க. அப்பால விடியற வரைக்கும் பேச்சே இல்ல."

"இன்னா சொன்னா?"

"'பஸ்ஸு போயிடிச்சா? அப்பக் கதவச் சாத்திடு பொன்னி, புள்ளைக்கிக் காத்து அடிக்கிது.'"